இந்திய ரயில் பயணச்சீட்டு: அட்டையிலிருந்து கைப்பேசி வரை

கட்டணம் செலுத்திய பயணிக்கு ரயில்வே நிர்வாகம் வழங்கும் சான்றே ரயில் பயணச்சீட்டு ஆகும். இந்தியாவில் ரயில் ஓடத் தொடங்கிய 1853-ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இச்சான்று அட்டையாகவோ தாளாகவோ மட்டுமே இருந்தது. 2002-இல் இணையவழி விற்பனை தொடங்கியது. 2015-இல் புறநகர் ரயில்களுக்குக் காகிதமே இல்லாத சீட்டு வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இணையம் வழியாகவே வாங்கப்படுகின்றன.

இந்த மாற்றத்தை வசதி, காகிதச் சிக்கனம் என்ற இரண்டு சொற்களில் விளக்கிவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. ஒரு சிறிய அட்டை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்துவந்தது. பயணிக்கு அது பணம் கட்டிய ரசீது; வண்டியில் ஏறுவதற்கான அனுமதி; பரிசோதகரிடம் காட்டும் சான்று; பயணம் தவறினால் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான ஆதாரம். நிர்வாகத்துக்கோ அது கணக்கு. காகிதத்தை நீக்கும்போது இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவை யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

எட்மண்ட்சன் அட்டை

ரயில்வேயின் தொடக்க காலத்தில் இங்கிலாந்தில் பயணச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பயணியின் விவரத்தையும் சேருமிடத்தையும் எழுதிக் கிழித்துக் கொடுக்க நேரம் பிடித்தது. எத்தனை சீட்டுகள் விற்றன, எவ்வளவு பணம் வந்தது என்பதைச் சரிபார்ப்பதும் கடினமாக இருந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர் தாமஸ் எட்மண்ட்சன். 1792-இல் லங்காஸ்டரில் பிறந்த இவர் தச்சுத் தொழிலில் தேர்ந்தவர். தொழில் நொடித்த பின் 1836-இல் நியூகாசில் – கார்லைல் ரயில்வேயில் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் எழுத்தர் பணியில் சேர்ந்தார். ஊர்ப் பெயரும் வரிசை எண்ணும் முன்கூட்டியே அச்சிடப்பட்ட சிறு அட்டைகளைப் பயன்படுத்தும் முறையையும், விற்கும்போது தேதியை அழுத்திப் பதிக்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். 1839-இல் மான்செஸ்டர் – லீட்ஸ் ரயில்வே இம்முறையை ஏற்றது. பிற ரயில்வே நிறுவனங்களும் தொடர்ந்து ஏற்றன.

எட்மண்ட்சன் அட்டை ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் சிறப்பு வரிசை எண்ணில் இருந்தது. காலையில் அடுக்கின் மேலே இருந்த எண்ணையும் மாலையில் இருந்த எண்ணையும் கழித்தால் அன்று விற்ற சீட்டுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எழுத்தர் பணத்தைக் கையாடினால் அன்றே தெரிந்துவிடும். பயணிக்கு விரைவு, நிர்வாகத்துக்குக் கணக்கு என இரு பயன்களையும் ஓர் அட்டை தந்தது.

இந்தியாவில் அட்டைச் சீட்டு

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. தென்னிந்தியாவில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. எட்மண்ட்சன் அட்டை இந்தியாவிலும் பரவி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நிலைத்திருந்தது. வகுப்புக்கு ஏற்ப அட்டையின் நிறம் மாறியது. ஊர்ப் பெயர்கள் வட்டார மொழியிலும் அச்சிடப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைக் கொண்டு தம் சீட்டை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

சீட்டுகளையும் படிவங்களையும் அச்சிட ரயில்வே தனக்கென அச்சகங்களை நடத்தியது. தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்திலும் அத்தகைய அச்சகம் ஒன்று இயங்கியது. காகிதத் தேவை குறையக் குறைய இந்த அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராயபுரம் உட்பட ஐந்து மட்டும் எஞ்சியிருந்த நிலையில், அவற்றையும் மூட 2023-இல் ரயில்வே வாரியம் முடிவு செய்தது.

பேரேடும் தந்தியும்

தொலைதூரப் பயணத்துக்கு அட்டை மட்டும் போதாது. படுக்கையோ இருக்கையோ ஒதுக்கப்பட வேண்டும். கணினி வருவதற்கு முன் இதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பெரிய பேரேடுகள் பராமரிக்கப்பட்டன. பேரேடு எந்தக் கவுன்டரில் இருக்கிறதோ அந்தக் கவுன்டரில்தான் அந்த வண்டிக்கு முன்பதிவு செய்ய முடியும். இரண்டு வண்டிகளில் மாறிச் செல்ல வேண்டியவர் இரண்டு வரிசைகளில் நின்றார்.

திரும்பி வரும் பயணத்துக்கு முன்பதிவு செய்வது இன்னும் கடினம். அந்த ஊரின் பேரேடு அந்த ஊரில்தான் இருக்கும். எனவே தந்தி மூலம் கோரிக்கை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது திரும்பி வர இடம் உண்டா என்பது தெரியாமலே பலரும் புறப்பட்டனர். பேரேட்டில் யார் பெயர் எப்போது எழுதப்பட்டது என்பதைப் பயணி அறிய வழியில்லை. இடைத்தரகர்களுக்கு இதுவே வாய்ப்பாகவும் அமைந்தது.

கணினி முன்பதிவு

1985-இல் தில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியது. ரயில்வேயின் கணினிப் பணிகளைக் கவனிக்க 1986-இல் கிரிஸ் எனப்படும் ரயில்வே தகவல் அமைப்புகள் மையம் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் முன்பதிவு கணினிமயமானது.

பேரேடு கணினிக்குள் சென்றதால், ஒரே நகரத்தில் எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்க முடிந்தது. ஆயினும் ஐந்து மையங்களும் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. அவற்றை இணைக்க கிரிஸ் உருவாக்கிய 'கான்செர்ட்' என்னும் மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன்பின் மதுரையில் இருப்பவர் தில்லியிலிருந்து திரும்பி வரும் சீட்டையும் மதுரைக் கவுன்டரிலேயே வாங்க முடிந்தது.

இக்காலத்தில் பயணியின் கையில் இன்னும் காகிதமே இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தின் தன்மை மாறிவிட்டது. அதில் பி.என்.ஆர். எனப்படும் 10 இலக்க எண் அச்சிடப்பட்டது. உண்மையான பதிவு கணினியில் இருந்தது; கையில் இருந்த தாள் அப்பதிவைச் சுட்டும் குறிப்பாக ஆனது. காகிதமில்லாச் சீட்டுக்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

இணையத்தில் வாங்கிய காகிதம்

1999-இல் ஐ.ஆர்.சி.டி.சி. எனப்படும் இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பை அளித்தது. 2002 ஆகஸ்டில் இக்கழகத்தின் இணையதளத்தில் பயணச்சீட்டு விற்பனை தொடங்கியது.

ஆனால் முதலில் விற்கப்பட்டது மின்சீட்டு அன்று. 'ஐ-டிக்கெட்' எனப்பட்ட அதற்குப் பணம் இணையத்தில் செலுத்தப்பட்டது. வழக்கமான காகிதச் சீட்டு அச்சிடப்பட்டு கூரியர் மூலம் வீட்டுக்கு வந்தது. சீட்டு வந்து சேர அவகாசம் தேவை என்பதால் பயணத்துக்குச் சில நாள்கள் முன்பே வாங்க வேண்டியிருந்தது. கவுன்டர் வரிசை நீங்கியது. கூரியர்காரருக்காகக் காத்திருப்பது சேர்ந்துகொண்டது. காகிதம் கையில் இல்லாமல் வண்டியில் ஏற முடியும் என்பதை நிர்வாகமும் அப்போது ஏற்கவில்லை, பயணிகளும் நம்பவில்லை.

2005-இல் மின்சீட்டு அறிமுகமானது. பயணி தானே அச்சிட்டு எடுத்துவரும் தாள் சீட்டாக ஏற்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அத்தாளை எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படியானால் உரிய பயணி இவர்தான் என்பதற்கு எது சான்று? அதற்காகவே புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. தாளுக்கு இருந்த மதிப்பு இவ்வாறு ஆளின் அடையாளத்துக்கு மாறியது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. மின்சீட்டு பெரும்பாலும் ஏ4 தாளில் அச்சிடப்பட்டது. 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள அத்தாளின் பரப்பில் எட்மண்ட்சன் அட்டைகள் சுமார் 36-ஐ அடுக்கலாம். அதாவது மின்சீட்டின் முதல் ஆண்டுகளில் ஒரு பயணத்துக்கான காகிதத்தின் பரப்பு குறையவில்லை, கூடியது. அச்சிடும் செலவும் ரயில்வேயிடமிருந்து பயணிக்கு மாறியது.

அச்சுத்தாளிலிருந்து குறுஞ்செய்திக்கு

2011–12 காலகட்டத்தில் இந்த அச்சுத்தாளும் கட்டாயமில்லை என ஆனது. மடிக்கணினி அல்லது கைப்பேசித் திரையில் தெரியும் சீட்டும், பின்னர் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் போதுமானவை என ரயில்வே அறிவித்தது. மூல அடையாள அட்டை மட்டும் உடன் இருக்க வேண்டும். 2012 டிசம்பர் முதல் முன்பதிவு வகுப்புகள் அனைத்திலும், கவுன்டரில் சீட்டு வாங்கியவர்களும்கூட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. காகிதச் சீட்டு கையில் இருந்தாலும் அது மட்டும் போதாது என்ற நிலை இவ்வாறு உருவானது.

வாங்குவோர் பெருகியபோது இணையதளம் திணறியது. காலையில் தட்கல் விற்பனை தொடங்கும் நேரத்தில் தளம் முடங்குவது பயணிகளின் பொதுக் குறையாக இருந்தது. 2014-இல் புதிய அமைப்பு நிறுவப்பட்டு, நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டது.

முன்பதிவில்லாச் சீட்டும் எழும்பூர் – தாம்பரம் தடமும்

நாள்தோறும் ரயில் ஏறுவோரில் மிகப் பெரும்பாலோர் முன்பதிவு இல்லாமல் செல்பவர்கள். அவர்களுக்கான சீட்டு விற்பனை 2002 முதல் கணினிமயமாகத் தொடங்கியது. அட்டைச் சீட்டுகள் படிப்படியாக மறைந்து, கணினியில் அச்சிட்ட மெல்லிய தாள் வந்தது.

இவ்வகைச் சீட்டைக் காகிதமில்லாமல் ஆக்குவதில் தனிச் சிக்கல் இருந்தது. முன்பதிவுச் சீட்டில் பெயரும் இருக்கை எண்ணும் உண்டு. முன்பதிவில்லாச் சீட்டில் இரண்டும் இல்லை. சீட்டு வாங்காமல் ஏறிய ஒருவர், பரிசோதகரைக் கண்டதும் கைப்பேசியில் சீட்டு வாங்கிவிடலாம் அல்லவா?

இதற்கு இடமறிதல் தொழில்நுட்பம் விடையானது. தண்டவாளத்துக்கு மிக அருகிலோ வண்டிக்குள்ளோ இருக்கும்போது செயலியில் காகிதமில்லாச் சீட்டு வாங்க முடியாது. நிலையத்துக்கு வெளியே, குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கைப்பேசியில் வாங்கிய சீட்டை இன்னொரு கைப்பேசிக்கு அனுப்பவும் இயலாது. அட்டையில் தேதியை அழுத்திய கருவி செய்த வேலையை இங்கே செயற்கைக்கோள் செய்தது. இம்முறை 2015 ஏப்ரலில் சென்னை எழும்பூர் – தாம்பரம் புறநகர்த் தடத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மும்பைப் புறநகர் ரயில்களுக்கும் விரிவானது. பின்னாளில் தூரக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன; நிலையத்தில் ஒட்டப்பட்ட கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்து வாங்கும் வசதியும் சேர்ந்தது. 2025 ஜூலையில் பல சேவைகளை ஒருங்கிணைத்த 'ரயில்ஒன்' செயலி வெளியானது.

பெட்டியில் ஒட்டிய பட்டியல்

வண்டி புறப்படும் முன் ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் பயணிகளின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படுவது நெடுங்கால வழக்கம். கூட்டத்தில் முண்டி நின்று தம் பெயரைத் தேடி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறிய தலைமுறைகள் உண்டு. 2018 மார்ச் 1 முதல் ஏ1, ஏ, பி வகை நிலையங்களில் பெட்டிகளில் பட்டியல் ஒட்டுவது முதலில் ஆறு மாதச் சோதனையாக நிறுத்தப்பட்டது. டிக்கெட் பரிசோதகர்களுக்குக் கையடக்கக் கருவிகள் பின்னர் வழங்கப்பட்டன.

இக்கருவியால் ஒரு நன்மை விளைந்தது. பயணி ஒருவர் ஏறாவிட்டால், அந்தப் படுக்கை காலியென உடனே பதிவாகி, ஆர்.ஏ.சி.யில் பாதி இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு முறைப்படி ஒதுக்கப்படும். காகிதப் பட்டியல் காலத்தில் இது பரிசோதகரின் மனநிலையைப் பொறுத்தது என்ற குறை பரவலாக இருந்தது. மறுபுறம், பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் குறுஞ்செய்தியாகவே வருவதால், முகவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துச் சீட்டு வாங்கியவருக்கு அச்செய்தி நேரே வந்து சேர்வதில்லை.

காத்திருப்போர் பட்டியலில் இரு நிலை

காகிதச் சீட்டுக்கும் மின்சீட்டுக்கும் இடையிலான மிக முக்கியமான வேறுபாடு காத்திருப்போர் பட்டியலில் வெளிப்பட்டது. மின்சீட்டு இறுதிவரை உறுதியாகாவிட்டால், பட்டியல் தயாரிக்கப்பட்டதும் அது தானாகவே ரத்தாகும். பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் சீட்டின்றிப் பயணம் செய்ததாகவே கொள்ளப்படும்.

கவுன்டரில் வாங்கிய சீட்டு தானாக ரத்தாவதில்லை. பயணி நேரில் சென்று, விதித்த நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் கிடைக்கும். நேரம் தவறினால் பணம் போயிற்று. ஆனால் கையில் செல்லுபடியாகும் சீட்டு இருந்ததால், முன்பதிவுப் பெட்டியில் இடம் பெற உரிமை இல்லாவிட்டாலும் பலர் அதை வைத்து வண்டியில் ஏறிச் சென்றனர். காகிதம் வைத்திருந்தவருக்குப் பயணம் மிஞ்சியது. மின்சீட்டு வைத்திருந்தவருக்குப் பணம் மிஞ்சியது. சாவு வீட்டுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போக வேண்டியவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது. மின்சீட்டு வாங்கியவருக்குப் பாதகம் நேராதபடி கொள்கை வகுக்குமாறு 2014-இல் தில்லி உயர் நீதிமன்றம் ரயில்வேயிடம் கூறியது.

2020-ஆம் ஆண்டு

கொரோனா ஊரடங்கால் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்ட பின், 2020 மே 12 அன்று சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கான சீட்டுகள் இணையத்தில் மட்டுமே விற்கப்பட்டன. மே 22 வரை நாட்டில் கவுன்டர் முன்பதிவு இல்லை. தனிமனிதர் முன்பதிவு செய்ய இணைய முறை மட்டுமே இருந்த நாள்கள் அவை. நோய்த்தொற்றுக் காலத்தில் வரிசையைத் தவிர்த்ததும், கைகள் மாறும் காகிதத்தைத் தவிர்த்ததும் அம்முறையின் பெரும் பயனாக அமைந்தன.

அதே மாதத்தில் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக 'ஷ்ராமிக்' சிறப்பு ரயில்களும் ஓடின. அவற்றுக்குத் தனிமனிதர் யாரும் சீட்டு வாங்க இயலாது. மாநில அரசுகள் பெயர்ப் பட்டியல் தயாரித்தன. ரயில்வே அதற்கேற்பச் சீட்டுகளை அச்சிட்டு மாநில அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் தொழிலாளர்களுக்கு வழங்கினர். அந்த நெருக்கடியின்போது, வசதி உள்ளவர் கைப்பேசியில் எண்ணைக் கொண்டும், தொழிலாளர் காகிதத்தைக் கொண்டும் ஊர் திரும்பினர்.

பயனும் சுமையும்

காகிதத்தை நீக்கியதால் விளைந்த நன்மைகள் மறுக்க முடியாதவை. சிற்றூரில் இருப்பவர் முன்பதிவுக்காக நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. சீட்டு தொலைந்தால் பயணம் தொலைவதில்லை. ரத்து செய்த பணம் வரிசையில் நிற்காமலே திரும்புகிறது. பேரேடு யார் கையில் இருக்கிறதோ அவரே இடத்தைத் தீர்மானிக்கும் நிலை மறைந்தது.

ஆனால் அட்டை செய்த வேலைகள் எங்கே சென்றன என்று பார்த்தால், கணக்கு மட்டுமே முழுமையாக ரயில்வேயின் கணினிக்குச் சென்றிருப்பது தெரியும். சான்றாக நிற்கும் வேலை பயணியின் அடையாள அட்டைக்கும் கைப்பேசிக்கும் மாறியது. மின்னேற்றம் தீராமல் பார்த்துக்கொள்வதும், எண்ணை நினைவில் வைப்பதும், கடவுச்சொல்லைக் காப்பதும் பயணியின் பொறுப்பாயின. இணையத்தில் வாங்கும் முன்பதிவுச் சீட்டுக்கு வசதிக் கட்டணமும் அவரே செலுத்துகிறார். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் சீட்டு வாங்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. கவுன்டரில் வாங்குவோருக்கும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் வேண்டும் என்ற விதியும் அறிவிக்கப்பட்டது. போலிக் கணக்குகளைக் கொண்டு மொத்தமாகச் சீட்டுகளை அள்ளும் தரகர்களைத் தடுப்பதே இதன் நோக்கம். எனினும் கைப்பேசி இல்லாதவருக்குக் கவுன்டரும் முன்போல் எளிய வாசலாக இல்லை என்பது இதன் மறுபக்கம்.

மொழியும் கவனிக்கத்தக்கது. அட்டையில் ஊர்ப் பெயர் வட்டார மொழியில் இருந்தது. முன்பதிவு இணையதளமோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் இயங்குகிறது. இவ்விரண்டும் அறியாதவர் பிரவுசிங் சென்டரையோ, பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளையையோ நாட வேண்டியுள்ளது. பேரேட்டுக் காலத்துத் தரகரின் இடத்தில் இன்று வேறொரு இடையாள் வந்திருக்கிறார். அவர் பெரும்பாலும் நேர்மையானவரே. ஆயினும் அவரின்றிப் பயணம் இல்லை.

எட்மண்ட்சனின் அட்டை விற்பவர் மீது இருந்த ஐயத்தால் பிறந்தது. காகிதமில்லாச் சீட்டின் விதிகளில் பெரும்பாலானவை வாங்குபவர் மீதுள்ள ஐயத்தால் பிறந்தவை. கைப்பேசியும் அடையாள அட்டையும் மொழியறிவும் உள்ளவருக்கு இவ்விதிகள் கண்ணில் படுவதே இல்லை. அவருக்கு இது முழு வசதி. இவற்றுள் ஒன்று குறைந்தவருக்காகவே கவுன்டரும் அங்கே அச்சாகும் சிறு தாளும் இன்னும் தேவைப்படுகின்றன. வங்கி, மின்வாரியம், வருவாய்த்துறை எனக் காகிதத்தைக் கைவிட்டுவரும் பிற சேவைகளுக்கும் ரயில் பயணச்சீட்டின் வரலாறு தரும் பாடம் இதுவே. ஒரு காகிதத்தை நீக்கும் முன், அது இதுவரை யாருக்காக என்னென்ன வேலைகளைச் செய்துவந்தது என்பதைக் கணக்கிட வேண்டும்.